டோர்ச் வெளிச்சத்தில் தெரியாதது

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது, கண் பரிசோதனைக்குத் தேதி எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் நோட்டன் பிரிட்ஜிலிருந்து கண்டிக்குப் போக வேண்டும். அன்றைக்குப் பார்த்து விடாத மழை. குழந்தையின் முகத்துக்கு நேரே போன் டோர்ச்சைப் பிடித்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “வெளிச்சம் தெரியுதே, கண்ணு நல்லாத்தானே இருக்கு” என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போகாமலே இருந்துவிட்டேன்.

மறுநாள் குழந்தையின் எடை பார்க்க வீட்டுக்கு வந்த மருத்துவமாது துண்டைப் பார்த்துப் பதறிவிட்டார்.

“இது தள்ளிப்போடுற விஷயமில்லைங்க. நாளைக்கே தூக்கிட்டுப் போங்க.”

போனோம். டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, உடனே லேசர் செய்ய வேண்டும் என்றார். வெளிச்சம் தெரிகிற கண்ணில் அப்படி என்ன நோய்? அங்கிருந்த தமிழ் பேசும் தாதியிடம் கேட்டேன்.

“நீங்க பார்த்தது கண்ணோட முன்பக்கம். குறைமாசத்துல பொறந்தா உள்ள பின்பக்கம் ரத்தக் குழாய் முழுசா வளர்ந்திருக்காது. அப்புறம் கண்டபடி கிளைச்சு, உள்ள இருக்கிற திரையை இழுத்துப் பிச்சிரும். பிஞ்சா பார்வை போயிரும். லேசர் வச்சா அந்தக் கிளைப்பு நின்னுரும்.”

தேயிலைச் செடி கண்டபடி வளராமல் கவ்வாத்து வெட்டிவிடுவதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. “அப்போ கண்ணுக்குள்ள கவ்வாத்தாங்க?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “அப்படின்னே வச்சுக்கங்க.”

லேசர் செய்தார்கள். மகளுக்கு இப்போது நான்கு வயது. கண்ணாடி போட்டிருக்கிறாள். என் கூடைக் கொழுந்தில் ஒளிந்திருக்கும் பூச்சியை எனக்கு முன்பே கண்டுபிடிக்கிறாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தால் இப்போதெல்லாம் நான் பார்க்கப் போகிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன், “துண்டு எங்க?” என்றுதான் கேட்கிறேன்.