ஏகமனதாக நிறைவேறிய பட்ஜெட்

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படாமல் இருந்திருந்தால் நான் கவுன்சிலர் ஆகியிருக்கவே மாட்டேன். சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பேரூராட்சி எங்கள் ஊர். பேர் வேண்டாம். இரண்டாயிரத்தாறில், படித்தவள், யாரோடும் வாய்த்தகராறு இல்லாதவள் என்று தெருக்காரர்கள் என்னை நிற்கவைத்தார்கள். ஜெயித்தும் விட்டேன்.

மன்றத்தில் பதினைந்து பேர். அதில் பெண்கள் ஐந்து. மூன்று பேருக்கு வீட்டுக்காரர்தான் கவுன்சிலர். அந்தப் பெண்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், கணவன்மார் பின்பெஞ்சிலிருந்து கண்ணைக் காட்டுவார்கள். மீதி இரண்டு பேர் நானும் கடலோர வார்டு அக்காவும்.

அந்த அக்கா தேவனாம்பட்டினத்தில் பிறந்து எங்கள் ஊர்க் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். சுனாமியில் வீடும் படகும் போனபோது, நிவாரணப் பட்டியலில் பாதிப் பேரை விட்டுவிட்டார்கள் என்று அதிகாரி ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். லேபில் வேலை செய்கிறேன் என்பதால் என்னை சிஸ்டர் என்பார்.

அவருக்கு அலுவலகத் தமிழ் பிடிபடாது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொருள் நழுவிவிடும். எனக்கோ கூட்டத்தில் எழுந்து பேச வராது. அதனால் அஜெண்டா வந்ததும் அக்கா என் வீட்டுக்கு வருவார். சமையல்கட்டில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு பொருளாகப் படித்துச் சொல்வேன். எது இடிக்கிறதோ அதில் பென்சிலால் கோடு போடுவேன். மறுநாள் அவர் எழுந்து கேட்பார். நடப்படாத கம்பத்துக்கு டியூப்லைட் மாற்றியதாக ஒரு தடவை எழுதியிருந்தார்கள். "அந்தக் கம்பத்த எனக்குக் கொஞ்சம் காட்டுங்க சார், மாடு கட்டணும்" என்று அக்கா கேட்டதில் மன்றமே சிரித்துவிட்டது. அந்தப் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மூன்று வருஷம் இப்படி ஓடியது. என் வாழ்க்கையில் நான் ஊருக்கு உபயோகமாக இருந்த காலம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்தொன்பது ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சல் பயம் வந்தது. டிவியைப் போட்டால் அதுதான். லேபில் எங்களுக்கே மாஸ்க் கிடைக்காமல் கைக்குட்டையை மடித்துக் கட்டிக்கொண்டு ரத்தம் எடுத்தோம். பேரூராட்சியில் அவசரக் கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு வீடு மாஸ்க்கும் சோப்பும் கொடுக்க வேண்டும், தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், டெண்டர் விட்டால் தாமதம், ஆகவே தலைவரே வாங்கிக்கொள்ள அனுமதி.

"சாவு வாசல்ல நிக்குது. டெண்டர் வுட்டுட்டு உக்காந்திருக்க முடியுமா? சம்மதம்னா கைய தூக்குங்க," என்றார் தலைவர்.

பதினைந்து கையும் மேலே போனது. என் கையும்தான். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அந்த மாசக் கடைசியில் எங்கள் தெருவிலேயே ஒரு சாவு விழுந்தது. நாலு வீடு தள்ளியிருந்த, லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பியின் பெண்டாட்டி. ஏழு மாசக் கர்ப்பிணி, இடுப்பில் ஒரு பெண்குழந்தை வேறு. இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். சிதம்பரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்த அன்றைக்கே போய்விட்டாள். அந்தக் காய்ச்சல்தானா, வேறு எதுவுமா என்று யாரும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு இன்னும் தெரியாது. முதல் நாளே என்னிடம் வந்து, "அக்கா, ரத்தம் எடுத்துப் பாக்கணுமா?" என்று கேட்டாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்று சொல்லியிருந்தேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் தெருவுக்கு மாஸ்க்கும் வரவில்லை, சோப்பும் வரவில்லை. அடுத்த தெருவுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த தெருவிலும் அப்படியே நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் பட்ஜெட் கூட்டத்துக்கான தாள்கள் வந்தபோதுதான் கணக்கு கண்ணில் பட்டது. அவசரச் செலவு என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி. அந்த வரி, வருஷம் முழுவதும் தெருவிளக்குக்கு ஆகிற செலவைவிடப் பெரியது. விவரம் கேட்டு செயல் அலுவலரிடம் போனேன். ஃபைல் ஆடிட்டில் இருக்கிறது என்றார். மறுவாரம் கிளார்க் லீவு என்றார். மூன்றாவது தடவை லேபுக்கு லீவு போட்டுவிட்டுப் போய், காலையிலிருந்து அவர் மேஜைக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்தவர், "பாத்துட்டு இங்கியே வெச்சிடுங்க மேடம்" என்று ஃபைலைத் தள்ளிவிட்டுப் போனார்.

விநியோகப் பட்டியல் இருந்தது. கதவு எண், பெயர், கையெழுத்து. எங்கள் தெருப் பக்கத்தைப் புரட்டினேன். என் வீட்டுக்கு நேராக என் கணவர் பெயரில் ஒரு கிறுக்கல். அவர் கையெழுத்தே இல்லை. அதற்கு நாலு வரி கீழே அந்தப் பெண்ணின் பெயரும் கையெழுத்தும். தேதியைப் பார்த்தேன். அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததற்கும் அடுத்த வாரம்.

 எதிர்க் கடையில் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு ஃபைலைத் திரும்ப வைத்தேன்.

அன்று சாயங்காலமே அந்தத் தம்பியிடம் காட்டினேன். பெயரை விரலால் தொட்டுப் பார்த்தான். "அவ பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி வட்ட வட்டமா எழுதுவா அக்கா. இது அவ எழுத்து இல்ல," என்று சொல்லி அழுதான். கூட்டத்துக்கு வந்து பொதுமக்கள் பெஞ்சில் உட்காருகிறேன், கேட்டால் எழுந்து சொல்கிறேன் என்றான்.

பிறகு பட்டியலையும், அந்தத் தம்பி வந்து சொல்வான் என்பதையும் அக்காவிடம் சொன்னேன். அவரிடமும் என் கணவரிடமும் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெயர் எந்த வரியில் என்று அக்கா கேட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "இந்தத் தாள எங்கிட்ட குடு சிஸ்டர். நான்தான பேசப்போறேன்," என்றார். கொடுத்தேன். எனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கூட்டத்தன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் அக்கா அன்றைக்கு எதிர்வரிசையில் இருந்தார். பொதுமக்கள் பெஞ்சில் அந்தத் தம்பி இல்லை. வண்டியில் லோடு இருக்கும், வந்துவிடுவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செயல் அலுவலர் பட்ஜெட்டை வேகவேகமாக வாசித்தார். அவசரச் செலவு வரியும் வந்து போனது. அக்கா எழவில்லை. நான் அவரையே பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் நான் எழுந்தேன். "அந்த விநியோகப் பட்டியல்ல செத்துப்போனவங்க கையெழுத்து இருக்கு," என்றேன். குரல் எப்படியோ வந்துவிட்டது.

 தலைவர் பதறவில்லை.  அவர் செயல் அலுவலர் பக்கம் தலையசைத்தார். செயல் அலுவலர் ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். லோடு ஆட்டோக்காரத் தம்பி எழுதியது. பொருட்களை வாங்கியது தான்தான் என்றும், வீட்டில் எல்லாவற்றுக்கும் மனைவி பெயர் போட்டே பழக்கமானதால் அவள் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், இதில் யார்மேலும் தனக்குப் புகார் இல்லை என்றும் இருந்தது.

"சகோதரி, செத்தவங்கள வெச்சு அரசியல் பண்ணாதீங்க. பாவம், அந்தப் பையனே மனசு ஒடைஞ்சு கெடக்கறான்," என்றார் தலைவர். யாரோ மேஜையைத் தட்டினார்கள்.

எனக்கு உடனே விளங்கியது. அந்தத் தம்பி என்ன சொல்லப்போகிறான் என்பது என் வீட்டுக்கு வெளியில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். திரும்பி அக்காவைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் எழுந்தார். கேள்வி கேட்கிறபோது இருக்கிற அதே கணீரென்ற குரலில், "வரவு செலவுத் திட்டத்த நான் முன்மொழியறேன்," என்றார்.

"என் ஆட்சேபணையப் பதிவு பண்ணுங்க," என்றேன். செயல் அலுவலர் பேனாவைத் தூக்கினார், தலைவர் முகத்தைப் பார்த்தார், மூடி போட்டு வைத்துவிட்டார். தீர்மானப் புத்தகத்தில் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதினார்கள். காலையில் நான் வருகைக்குப் போட்ட கையெழுத்தே சம்மதத்துக்குச் சாட்சியானது. பதிவுத் தபாலில் கடலூர் கலெக்டர் அலுவலகத்துக்கு என் ஆட்சேபணையை அனுப்பினேன். மன்றம் ஏகமனதாக ஏற்றுக்கொண்ட செலவு என்று பேரூராட்சி விளக்கம் கொடுத்திருப்பதாகச் சில மாதம் கழித்து ஒரு தாள் வந்தது.

கூட்டத்துக்கு மறுநாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பு. இரும்புக் கதவெல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. அக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"அந்தப் பையன்கிட்ட நீங்கதான் பேசினீங்களா?"

"ஆமா. பேரூராட்சி டிராக்டர் ஓட்டற வேலை குடுக்கறாங்க. கைக்கொழந்தைய வெச்சிக்கிட்டு அவன் என்னா பண்ணுவான்?"

"உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்து வரிசையாக வைத்திருந்த குடங்களைக் காட்டினார். "அஞ்சு வருஷமாச்சு சிஸ்டர் நாங்க இங்க வந்து. போர்ல உப்புத் தண்ணி. ஒரு கொடம் நல்ல தண்ணிக்கி எம்மாந்தூரம் போறம்னு நீ பாத்திருக்கியா? இந்த பட்ஜெட்ல பைப்லைன் போட்டிருக்காங்க. படிச்ச இல்ல?"

படித்திருந்தேன். கூட்டத்துக்கு முந்தின நாள் தனியாக வந்த ஒரு தாளில் புதிதாகச் சேர்த்த பணி என்று இருந்தது. எதுவும் இடிக்கவில்லையே என்று கோடு போடாமல் விட்டிருந்தேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் சேந்து கேட்டிருப்பேனே அக்கா."

"கேட்டு எவன் குடுத்தான்? நாலு கூட்டத்துல கேட்டுட்டேன். அந்தத் தாளக் கொண்டுபோயி தலைவர் முன்னாடி வெச்சேன். ஒரே நாள்ல குடுத்தாங்க."

"அது அந்தப் பொண்ணோட கையெழுத்து அக்கா."

"அவ போயிட்டா," என்றார். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்க முடியாமல் மறுபடி மீனை எடுத்தார். "உங்கிட்ட சொன்னா நீ வுட்டிருக்க மாட்ட. உனக்கு ஞாயம் பெருசு."

திரும்பி நடந்தேன். வழியெல்லாம் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. பயன்தான் இல்லை.

பைப்லைன் உண்மையாகவே வந்தது. எட்டு மாதத்தில் குடியிருப்புக்கு நல்ல தண்ணீர் வந்தது. அது வராமல் போயிருந்தால் எனக்குக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். டிராக்டர் ஓட்டுகிற தம்பி நான் பஸ்ஸுக்கு நடந்து போகிற நேரம் பார்த்து வேறு தெருவில் வண்டியைத் திருப்புவான். அவன்மேல் எனக்கு வருத்தம் கொஞ்ச நாளில் போய்விட்டது. அக்காமேல் போகவில்லை. என் கணவர், "நீ படிச்சுச் சொல்லலேன்னா அவுங்களுக்கு அந்தத் தாளோட வெல தெரிஞ்சிருக்காது," என்று ஒரு நாள் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது இன்னும் வலித்தது.

மீதி இருந்த காலத்துக்கு ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனேன். தனியாகப் படித்தேன், தனியாக எழுந்து கேட்டேன். "பதிவு பண்ணிக்கிட்டோம் மேடம்" என்பார்கள். பதிவு செய்ய மாட்டார்கள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் மறுபடி நின்றேன். அந்தத் தம்பியின் பெயரைக் கெடுக்கப் பார்த்தவள் என்று என் தெருவிலேயே பேசினார்கள். தோற்றேன். அக்கா ஜெயித்தார்.

அந்த டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு தொடக்கத்தில் ஒரு நாள் மத்தியானம் அக்கா சிதம்பரத்தில் எங்கள் லேபுக்கு வந்தார். டெஸ்ட் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். முந்தானைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்தார். புயல் நிவாரணப் பட்டியல்.

"எங்க குப்பத்துல ஜாஸ்தி பேர வுட்டிருக்காங்கன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்சம் படிச்சு சொல்றியா சிஸ்டர்?"

எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. அவர் கால் சேற்றோடு இருந்தது, கூரை போன வீட்டிலிருந்து நேரே வந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். விட்டுப்போன பெயர்களையும், இரண்டு தடவை வந்த பெயர்களையும், ஊரிலேயே இல்லாதவர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கோடு போட்டுக் கொடுத்தேன். அரைமணி நேரம் ஆனது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

தாள்களை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "வா, ஒரு டீ சாப்பிடலாம்," என்றார்.

"இல்ல அக்கா, வேலை இருக்கு," என்றேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு கடலூர் பஸ் வருகிற சத்தம் கேட்டு வேகமாக இறங்கிப் போனார். நான் உள்ளே போய்க் கையுறையை மாட்டிக்கொண்டேன். வரிசையில் ஏழு பேர் காத்திருந்தார்கள்.