ஷோகேஸில் வைத்த மெடல்

திருப்பதியில் எனக்குப் பிடிக்காத கட்டடங்கள் நிறைய உண்டு. நான் அறை கழுவிய லாட்ஜுகள், என்னை வெளியே தள்ளிய லாட்ஜுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கல்லூரி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலை, அறிவியல் கல்லூரி. நான் அங்கே படித்தவன் இல்லை. நகரியில் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு தடா பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனவன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நிலையாகத் தங்கவில்லை. லாரி கழுவினேன். இறால் குட்டையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். காளஹஸ்தியில் ஓட்டலில் மாவு அரைத்தேன். சில நாள் சாப்பாடு இருந்தது, சில நாள் இல்லை. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கே படித்தது என் தங்கை. படித்தாள், பளுவும் தூக்கினாள். பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த போட்டியில் வெள்ளி வாங்கினாள். அப்போது நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பாய். ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது.

"அண்ணா, கேட்டாண்ட என் போட்டோ போட்டுக்கீறாங்க. வந்து பாரு."

சந்தோஷமாகக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் போனேன். கல்லூரி வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். 'எங்கள் ஆசிரியர்கள், மாணவர்களின் சாதனைகள்' என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. மேலே அவளுடைய டிபார்ட்மென்ட் தலைவரின் படம், கழுத்தில் சால்வை. ஏதோ நல்லாசிரியர் விருது. கீழே ஓரத்தில் என் தங்கை, அவர் முழங்கை அளவுக்கு. 'அவரது வழிகாட்டுதலில்' என்று ஒரு வரி.

"இவரா உனக்குத் தூக்கக் கத்துக் குடுத்தாரு?"

"அந்தாளு கிரவுண்டுக்கு எந்தப் பக்கம் போவணும்னே தெரியாது. உள்ள வா, இன்னொன்னு காட்றேன்."

உள்ளே நோட்டீஸ் போர்டில் அவள் நம்பரை ஒட்டியிருந்தார்கள். வருகை போதவில்லை, டிடெய்ன். பரீட்சை எழுத முடியாது, அந்த வருஷத்தை மறுபடி படிக்க வேண்டும். பயிற்சி முகாமுக்கும் போட்டிக்கும் போன நாட்களைத்தான் வராத நாட்களாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். எந்த மெடலுக்காக வாசலில் படம் வைத்தார்களோ, அதே மெடலுக்காக உள்ளே வெளியேற்றியிருந்தார்கள்.

வருஷம் போனால் ஹாஸ்டல் போகும். ஹாஸ்டல் போனால் பயிற்சி போகும். அப்பா, எங்களுக்கு நைனா, நகரியிலிருந்து வந்து பெட்டியோடு கூட்டிக்கொண்டு போவார், மாப்பிள்ளை பார்ப்பார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பவர்லூம் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றவர், யார் என்ன சொன்னாலும் பாதிதான் கேட்கும். இவள் சொல்வதில் அந்தப் பாதியும் கேட்காது.

தலைவர் அறைக்குப் போனோம். அவர் பேசியது தெலுங்கில், நான் தமிழில் எழுதுகிறேன். உட்காரச் சொல்லவில்லை.

"போறதுக்கு முன்னால என்கிட்ட பர்மிஷன் வாங்கினியாம்மா?"

"கேட்டேன் சார். தலையாட்டினீங்க."

"நான் நாள் முழுக்கத் தலையாட்றேன். எல்லாம் பர்மிஷனா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீ யாரய்யா?"

"அண்ணன்."

"என்ன படிச்சிருக்க?"

"ஒன்பதாவது. முழுசா இல்ல."

"தெரியுது" என்றார். பக்கத்து மேஜையில் இருந்த லெக்சரர் சிரித்தார், சம்பளத்துக்குச் சேர்த்துச் சிரிக்கிற சிரிப்பு. லாட்ஜில் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன், அதனால் சும்மா நின்றேன். அவள் சும்மா நிற்கிற ரகம் இல்லை. கை இரண்டும் முறுக்கிக்கொண்டு நின்றது.

அப்புறம் அவரே குரலைத் தாழ்த்தினார். கல்லூரிக்குக் கிரேடு போடுகிற குழு அடுத்த வாரம் வருகிறதாம். பிரின்சிபல் அறைக்கு வெளியே கண்ணாடி ஷோகேஸ் வைத்திருக்கிறார்களாம். வெள்ளி மெடல் அதில் இருக்க வேண்டும். "மெடலைக் கொண்டு வா. குழு போகட்டும், உன் அட்டெண்டன்ஸைப் பார்க்கலாம்."

"முதல்ல கையெழுத்து போடுங்க சார்" என்றேன்.

"ஒன்பதாவது படிச்சவன் எனக்கு ஆர்டர் போடறான், பாருங்க." லெக்சரர் மறுபடி சிரித்தார்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "ஊருக்குப் போய் எடுத்துக்கினு வா."

"குடுத்துட்டா கையெழுத்து போடுவான்னு நம்புறியா?"

"நம்பல. அதனாலதான் சொல்றேன். ஆணில ரெண்டு மாட்டிக்கீது. நான் சொல்றதக் கொண்டாந்தா போதும்."

புத்தூர் வழியாக நகரிக்கு பஸ் பிடித்தேன். வடமாலபேட்டையில் டயர் போய் வெயிலில் நின்றோம். வீட்டில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் இரண்டு மெடல் தொங்கின, இரண்டுக்கும் மூவர்ண நாடா. ஒன்று அந்த வெள்ளி, முன்பக்கம் பல்கலைக்கழக முத்திரை, கையில் கனக்கும். இன்னொன்று அவள் எட்டாவது படிக்கும்போது மண்டல் என்கிற வட்ட அளவில் பள்ளிகளுக்கான கோ-கோவில் இரண்டாம் பரிசாக வாங்கியது. முன்பக்கம் இலை வளையம், நடுவே தீப்பந்தம். பின்பக்கம் தெலுங்கில் எல்லா விவரமும். வெள்ளி நிறத் தகரம்.

"எங்கடா எடுத்துக்கினு போற?" என்றார் நைனா.

"காலேஜ்ல கேக்கறாங்க."

"கேட்டாங்கன்னா குடு. பெரிய மனுசங்க."

அந்தப் பெரிய மனிதர்களிடம் கோ-கோ மெடலைக் கொடுத்தாள். கொடுக்கும்போது நானும் இருந்தேன். தலைவர் நாடாவைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார், அட்டெண்டரிடம் நீட்டினார். அவ்வளவுதான். நீலத் துணி விரித்து, நடுவில் படுக்க வைத்து, பக்கத்தில் பளுதூக்குதல், வெள்ளி என்று இங்கிலீஷில் அச்சடித்த அட்டையைச் சாய்த்து, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள்.

குழு வந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். பெற்றோர் தரப்பில் ஆள் குறைவாம். "சட்டைய மாத்திக்கிட்டு வந்து பின்னால உக்காரு, வாயத் திறக்காத" என்றார் அந்த லெக்சரர். மைதானத்தில் புல் இல்லாத இடத்தில் எங்கிருந்தோ வாடகைக்கு வந்த செடித் தொட்டிகள். நூலகத்தில் அன்றைக்கு மட்டும் பிள்ளைகள் படித்தார்கள். என் தங்கைக்கு ஒரு கோட்டு கொடுத்திருந்தார்கள், தோளில் தையல் விட்டுவிடும் போல இறுக்கம். சாயந்திரம் திருப்பித் தர வேண்டிய கோட்டு.

குழுவில் வயதான ஓர் அம்மா ஷோகேஸ் முன்னால் நின்று குனிந்து பார்த்தார். தலைவர் பக்கத்தில் வந்து, "என் மாணவி" என்றார். அந்த அம்மா என் தங்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். கண்ணாடிக்குள் கோ-கோ மெடல், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அத்தனை டாக்டர் பட்டம். ஒருவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. போட்டோ மத்தியானத்துக்குள் எல்லா வாட்ஸப் குரூப்பிலும் வந்துவிட்டது.

குழு போன மறுநாள் அவர் அறைக்குப் போனோம். "ரூல்ஸ் என் கையில இல்லம்மா. அடுத்த வருஷம் ஒழுங்கா வா" என்றார். முகத்தைக் கூட நிமிர்த்தவில்லை. போனில் அந்தப் போட்டோவுக்கு வந்த வாழ்த்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சார். என் மெடல் குடுங்க."

"அது காலேஜ் சொத்து."

"அப்படின்னா ஒரு தடவ திருப்பிப் பாருங்க சார். பின்னாடி தெலுங்குலதான் எழுதிக்கீது."

அட்டெண்டர் எடுத்து வந்தார். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மண்டல், பள்ளி, கோ-கோ, இரண்டாம் பரிசு. லெக்சரர் எட்டிப் பார்த்தார், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"மோசம் பண்ணிருக்கே!" என்று தலைவர் கத்தினார். "போலீஸுக்குப் போவேன்!"

"போங்க சார். மெடல் கேட்டீங்க, குடுத்தேன். பளுதூக்குதல்னு அட்டை எழுதினது நானில்ல." அவள் குரல் ஏறவே இல்லை. "அந்த அம்மா கைகுடுத்து நம்பர் வாங்கிக்கினாங்க. மெசேஜ் போட்டா பாப்பாங்க."

நம்பர் வாங்கியது பொய். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

தலைவர் மெடலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அப்புறம் அவள் விளையாடப் போன நாட்களைக் கல்லூரி வேலையாகப் போனதாக ஒத்துக்கொண்டு, முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை எங்கள் பக்கம் நீட்டவில்லை, தரையில் விழுகிற மாதிரித் தள்ளினார். நான் குனிந்து எடுத்தேன். குனிவது எனக்குப் பழக்கம்.

"நீ உருப்பட மாட்டே" என்றார் அவளிடம். "உண்மையான மெடலைக் கொண்டு வந்து வைக்கிறே, புரிஞ்சுதா?"

"ரிசல்ட் வரட்டும் சார். பாக்கலாம்."

அவர் பேச்சை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வராந்தா முனை வரைக்கும் நிமிர்ந்துதான் நடந்தாள், படியில் உட்கார்ந்ததும் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி முத்திரையை இரண்டு தடவை படித்தாள். 

முதல் பரீட்சை அன்று லாட்ஜில் லீவு கேட்டேன். தரவில்லை, வேலையை விட்டேன். எப்படியும் விடுகிற காலம்தான். வாட்ச்மேன் கேட்டுக்குள் விடவில்லை. ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் நிழலில் நின்றேன். வெயிலில் சால்வை வெளுத்துப் போயிருந்தது, ஆள் இன்னும் வெளுக்கவில்லை.

மத்தியானம் அவள் வந்தாள்.

"எப்படி எழுதின?"

"பாஸ் ஆயிடுவேன். அந்தாளுதான் இன்னைக்கு ரவுண்டு வந்தான். காப்பி அடிச்சு மாட்டுவேன்னு திரும்பத் திரும்ப என்னாண்டயே நின்னு என் பேப்பரப் பாத்துக்கினே இருந்தான்."

"பயந்துட்டியா?"

"எதுக்கு? இத்தினி நாள்ல இன்னைக்குத்தான் நான் எழுதினதப் படிச்சிருக்கான்." பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "துன்ன எதுனா வாங்கிக் குடு. நாலு மணிக்கு பிராக்டிஸ் போவணும்."