மருந்து போடாத தட்டு

சின்னவள் ஜெயித்தவை: மூன்றாம் தடவையில் பத்தாம் வகுப்புக் கணக்கு, பிறவியிலேயே வந்த மூச்சிரைப்பு, "குடுவை கழுவ வந்தவளுக்கு மைக்ராஸ்கோப் கேக்குதா?" என்ற கேலி. ஆறு வருடம் குடுவை கழுவிய பிறகுதான் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் வேலை அவள் கைக்கு வந்தது. நோட்டை அவள்தான் எழுதுவாள். அடியில் கையெழுத்து மட்டும் ஆய்வை நடத்தும் மேடத்துடையது. தற்காலிக ஆள் ஒப்பமிடும் வழக்கம் அங்கே இல்லை.

செல் தனக்குள் சேதி அனுப்பச் சுரக்கும் பெராக்சைடைத்தான் மேடம் தேடினார். செல்லில் ஏற்றிய சாயம் அதைத் தொட்டால் நீல விளக்கில் பச்சையாக மின்னும். சோதிக்கிற மருந்தைப் போட்ட செல் தட்டைப் பத்து நிமிடம் விளக்கடியில் வைத்துப் பார்ப்பார்கள், மின்னும். போடாததை ஒரே ஒரு படம் எடுப்பார்கள், இருட்டாக இருக்கும். மருந்துதான் பெராக்சைடைச் சுரக்க வைக்கிறது என்று வெள்ளிக்கிழமை கட்டுரை போக வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை, மருந்து போடாத தட்டை வைத்தவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. விளக்கை அணைக்காமலே வெளியே ஓடினாள். திரும்பி வந்தால் தட்டு பச்சைப்பசேலென்று இருந்தது. தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். விளக்கு படாத பக்கம் கும்மிருட்டு. மின்ன வைத்தது மருந்தல்ல, விளக்கு.

தையற்கடையில் இருந்த அக்காவுக்குப் போன் போட்டாள்.

"சொன்னா வேலை போயிடும்க்கா."

"சொல்லாம இருந்தா உனக்குச் சோறு இறங்குமாடி?"

இறங்காது. மறுநாள் காலை மேடத்தின் எதிரே போய் நின்று பார்த்ததைச் சொன்னாள்.

"தட்டை மாத்தி வச்சிருப்பே."

"ஊசியக்கூட எண்ணி வைக்கிற வீட்டுப் பொண்ணு மேடம் நான். வேணும்னா இப்பவே வச்சுக் காட்டுறேன்."

வைத்தாள். பத்து நிமிடம் விளக்கு எரிந்தது. பச்சை ஏறியது. மேடத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"ரெண்டு வருஷ உழைப்பும்மா இது." நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "எழுது. கையெழுத்தும் நீயே போடு. தப்பா இருந்தா உன் தலைதான் உருளும்."

தலை உருளவில்லை. விளக்கைக் குறைத்து மூன்று வாரம் திரும்பச் செய்து பார்த்தார்கள். மருந்துக்கென்று தனி மினுக்கம் எதுவுமில்லை. கட்டுரை நின்றது, வேலை நிலைத்தது. ஆனால் அதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியாமலேதான் "செய்தவர்" என்ற இடத்தில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதினாள்: 2017 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.