கத்தி என்றொரு குறிப்பு

மனநலப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றிய அந்தச் செவிலியர், இரண்டாண்டுகளாகக் காவலர்களுடன் அழைப்புகளுக்குச் சென்று வருகிறார். மனம் கலங்கியவர் இருக்கும் வீட்டினுள் அவரே முதலில் நுழைவார்; காவலர்கள் வாசலில் நிற்பார்கள். ஆயுதம் இருப்பதாகக் குறிப்பு வந்தால் மட்டும் அவர்கள் முந்துவார்கள். அவர் வண்டியிலேயே காத்திருக்க வேண்டும்.

அன்று முற்பகலுக்குள் அது மூன்றாவது அழைப்பு. கையிலிருந்த ரொட்டியை அவர் தின்று முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் குறிப்பில், 'தம்பி, மூன்றாம் மாடி, கத்தி' என்றிருந்தது. நான்கு காவலர்கள் கவசமும் தடியுமாகப் படியேறினார்கள்.

போன் செய்திருந்த அக்காள் கீழே ஓடிவந்து வண்டிக் கதவைப் பற்றிக்கொண்டாள்.

"எதுக்குங்க இத்தனை பேரு? போன தடவை இவங்க புடிச்ச புடியிலதான் அவன் கை முறிஞ்சுது."

"கத்தி வச்சிருக்காராமே?"

"கத்தியா? காலையிலேருந்து கத்திக் கத்தித் தொண்டையே போச்சுன்னுல்ல சொன்னேன்!"

பெயர்ச்சொல்லுக்கும் வினையெச்சத்துக்கும் இங்கே எழுத்தில் வேறுபாடு இல்லை. அழுதுகொண்டே சொன்னால் காதிலும் இராது.

செவிலியர் இறங்கினார். முழங்கால்கள் இரண்டும் கெஞ்சின. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்று, மேல்நோக்கிக் கூவினார்.

"சார், கதவை உடைச்சிடாதீங்க! கத்தி இல்ல, கத்துறாரு!"

கதவில் தோளை வைத்திருந்த உதவி ஆய்வாளர் திரும்பினார். "என்ன சிஸ்டர், இலக்கண வகுப்பா? ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான்தான். எழுதிக்குங்க."

முணுமுணுத்தபடி அவர்கள் பாதிப் படி இறங்கினார்கள். செவிலியர் கதவோரம் தரையில் அமர்ந்தார்.

"யாரு?" உள்ளிருந்து கரகரத்த குரல் கேட்டது.

"நர்ஸ். முட்டி விட்டுப்போச்சு தம்பி, இங்கயே உக்காந்துட்டேன். நீங்க மெதுவா வாங்க."

"பூட்ஸ் சத்தம் கேட்டுச்சே?"

"படியில நிக்கிறாங்க. நான் கூப்பிட்டாத்தான் வருவாங்க."

நாற்பது நிமிடங்கள் கழித்துக் கதவு திறந்தது. அவனுடைய இரு கைகளும் வெறுமையாக இருந்தன. எழ முடியாமல் தடுமாறிய செவிலியரை அவனே தூக்கிவிட்டான். அவருடன் மருத்துவமனைக்கு வரவும் தலையசைத்தான்.

வண்டியில் ஏறியதும் அக்காள் கேட்டாள்: "அடுத்த தடவையும் நீங்கதானே மேடம் முதல்ல வருவீங்க?"

பொய் சொல்லவும் அவருக்குத் தெம்பில்லை.

"போனை எடுக்குறவங்க காதுல எப்படி விழுதோ, அதைப் பொறுத்துத்தாம்மா."