எங்கள் ஊர்க் காட்டில் ஆறுமணிக் குருவி

என் மகள் வேல்ஸில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். லீவு கிடைத்தால் அவள் கடைக்குப் போவதில்லை, சினிமாவுக்குப் போவதில்லை, காட்டுக்குப் போகிறாள். அப்படிப் போன ஒரு நாள் அங்கிருந்தே வீடியோ காலில் வந்தாள். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். போனில் அந்தக் காட்டைப் பார்த்ததும் பிசைந்த சோற்றை மறந்துவிட்டேன்.

எல்லாம் ஓக் மரமாம். கம்பளிச் சட்டை மாட்டியதுபோல் ஒவ்வொரு மரத்தின் உடம்பிலும் பச்சைப் பாசி. கீழே கால் புதையும் அளவுக்குப் பழுத்த இலைகள். காட்டை விட்டு வெளியே வந்தால் பச்சைச் சரிவு, அதில் செம்மறி ஆடுகள், சரிவை வெட்டிக்கொண்டு போகும் கல் சுவர். சுவரில் ஏறி இறங்க மரப்படி வைத்திருந்தார்கள். அது யாரோ ஒரு விவசாயியின் சொந்த நிலமாம், ஆனால் அதன் நடுவில் போகும் பாதையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாமாம். ஒருத்தரும் கேட்க மாட்டார்களா என்று நான் ரெண்டு தரம் கேட்டேன். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்றாள். எங்கள் அப்பா காலத்தில் அடுத்தவர் வரப்பில் நடந்ததற்கே ஊர் கூடியிருக்கிறது. எனக்கு அந்த மரப்படியின் மேல் ஒரே மோகமாகிவிட்டது.

திடீரென்று மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"நைனா, குருவி பாடுது பாரு. கேக்குதா?"

ஒரு கிளையைக் காட்டினாள். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு குருவி. நெஞ்சு மட்டும் செங்கல் நிறம். அலகு திறந்து திறந்து மூடியது, தொண்டை துடித்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அவள் பேசியது கேட்டது, அவள் பூட்ஸ் இலையை மிதித்தது கேட்டது. குருவி ஊமைப் படமாக நின்றது.

போன் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் வேலை செய்கிறவன் நான். பர்னஸிலிருந்து பழுக்கக் காய்ந்து வரும் இரும்புக் கட்டையை உருளைகளுக்கு நடுவில் விட்டுக் கம்பியாக நீட்டுகிற இடம். அங்கே எது சரியில்லை என்றாலும் முதலில் பார்ட்டை மாற்றுவோம். பேரிங் சத்தம் போட்டால் பேரிங், பெல்ட் நழுவினால் பெல்ட். மனுஷனிடம் கோளாறு இருக்கும் என்று எங்கள் ஆள் எவனுக்கும் தோன்றாது. ஆகவே மறுநாள் நேராகப் பஜாரில் இருக்கிற போன் கடைக்குப் போய் ஸ்பீக்கரை மாற்றச் சொன்னேன். கடைக்காரர் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்.

"நல்லாத்தான கீதுண்ணா?"

எனக்குத் தெரியாதா என்று ஒரு முறைப்பு முறைத்தேன். அவரும் எதற்கு வம்பு என்று மாற்றிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மகள் அனுப்பி வைத்திருந்த அதே குருவி வீடியோவைப் போட்டேன். புது ஸ்பீக்கர். காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. ஆனால் சமையலறையில் அடுப்பில் எண்ணெய் பொரிந்துகொண்டிருக்க, என் மனைவி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். என்ன அழகாகக் கத்துகிறது, இன்னொரு தரம் போடு என்றாள்.

கோளாறு எந்தப் பார்ட்டில் என்று அப்போதுதான் புரிந்தது. கம்பெனியில் காதுக்கு அடைப்பான் கொடுக்கத்தான் செய்கிறார்கள். நாங்கள் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வோம். அடைத்துக்கொண்டால் கிரேன் மணி கேட்காது என்று ஒரு சாக்கு. அந்த இரைச்சலிலேயே தலை நரைத்துவிட்டது. குருவி போனால் போகட்டும். என் மகளின் குரலும் மெல்லிசுதான். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் எனக்கென்று இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். இன்றைக்குக் குருவி ஊமையானதுபோல் ஒரு நாள் அவளும் வாயை மட்டும் அசைப்பாளோ என்று நினைத்தேன். அன்று சோறு இறங்கவில்லை. மனைவியிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த வீடியோ காலில் மகள்தான் வழி காட்டினாள். நம்ம ஊர்ப் பக்கம் காடு கிடையாதா என்று கேட்டாள். ஏன் இல்லை? எங்கள் கம்பெனி பஸ் தினமும் ஒரு காட்டை உரசிக்கொண்டுதான் போகிறது. ஆந்திரா எல்லைப் பக்கம் போகும் சாலையில், வலது கைப் பக்கம், குட்டை மரமும் முள்ளுமாக நீளும் ஒரு காடு. இத்தனை வருஷத்தில் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தூங்கியிருக்கிறேனே தவிர ஒரு நாள் இறங்கியதில்லை. மகள் கேட்ட அந்த நிமிஷத்தில் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. போன் சத்தம் என்ன இருந்தாலும் போன் சத்தம்தான். நிஜக் குருவி ஒன்று எதிரில் நின்று கத்தி, அது என் காதில் விழுந்துவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை. வீட்டைச் சுற்றி லாரியும் காக்கையும்தான். குருவி வேண்டுமென்றால் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

எனக்குப் புதன்கிழமைதான் வார லீவு. மழை விட்டிருந்த ஒரு புதன் மத்தியானம் மனைவியை வண்டியில் உட்காரவைத்துக் கிளம்பிவிட்டேன். எதற்கு என்று கேட்டாள். வேல்ஸுக்கு என்றேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று சொல்லிக்கொண்டே புளிசாதத்தைக் கட்டி எடுத்துக்கொண்டாள்.

உள்ளே போன முதல் பத்தடியிலேயே எனக்கு நெஞ்சு படபடத்தது. ஒரு மாட்டு வண்டிப் பாதை, அதன் ரெண்டு பக்கமும் களாச்செடி, காரைச்செடி, சூரை முள். சாலையிலிருந்து பார்த்தபோது வெறும் புதர். உள்ளே போனால் புதருக்குப் பின்னால் மரம், மரத்துக்குப் பின்னால் இன்னும் இருட்டான மரம், கொடிகள் பின்னிப் பந்தலாகக் கிடந்தன. செம்மண்ணில் தம்பலப்பூச்சி ஊர்ந்தது. வெல்வெட் துணியை வெட்டி உயிர் கொடுத்ததுபோல் அப்படி ஒரு சிவப்பு. நான் மண்டியிட்டுப் படம் எடுத்தேன். ஒரு புற்று, ஆள் உயரம். அதையும் எடுத்தேன். உரித்துப் போட்டிருந்த பாம்புச் சட்டை ஒன்று முள்ளில் மாட்டி ஆடியது. என் மனைவி "இயேசப்பா" என்று பின்வாங்க, நான் முன்னால் போனேன். மகளுக்கு அனுப்ப வேண்டியது எவ்வளவு கிடக்கிறது! கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கே பாரு, அங்கே பாரு, அந்தக் கொடியைப் பாரு.

கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நீ கத்துகிற கத்தலுக்கு இந்தக் காட்டில் குருவி என்ன, யானை இருந்தாலும் ஓடிவிடும் என்றாள். மில்லில் பேசும் குரலிலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டில்கூட அப்படித்தான் பேசுவோம். நாலு பேர் சேர்ந்து ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும். அன்று ஒரு சிறகைக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது எனக்கு வானத்தில் மிதப்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பெரிய ஒன்றை இத்தனை நாள் விட்டுவைத்திருக்கிறோமே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு புதன்கிழமை எப்போது வரும் என்று கிடந்தேன். காட்டின் அந்தப் பக்கம் ஒரு ஏரி இருப்பதைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்று நான் சொல்கிறேன், அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஏரிக்கரை நெடுகப் பனை. கரையில் நின்றால் ஒரு பக்கம் நட்டு முடித்த நெல் வயல், கொக்குகள். இன்னொரு பக்கம் தூரத்தில் எங்கள் சிப்காட் எஸ்டேட்டின் புகைபோக்கிகள். மகள் கல் சுவரை அனுப்பினால் நான் பனை வரிசையை அனுப்புவேன். அவள் காளானை அனுப்பினால் நான் தம்பலப்பூச்சியை அனுப்புவேன். எங்கள் காட்டில் இந்தச் சிவப்பு கிடையாது, தோற்றேன் என்று ஒரு நாள் எழுதினாள். மில்லில் எல்லாரிடமும் அதைக் காட்டினேன்.

குருவி மட்டும் ஆட்டம் காட்டியது. சின்னச் சின்னதாகப் பறந்தன, இலைக்குள் மறைந்தன. என் மனைவி அவ்வப்போது நின்று தலையைச் சாய்ப்பாள். நானும் நின்று தலையைச் சாய்ப்பேன். எனக்குக் காற்றுதான் கேட்கும். எல்லாம் தூரத்தில் இருக்கிறது, பக்கத்தில் ஒன்று வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

என் மனைவிதான் ஆறுமணிக் குருவியைப் பற்றிச் சொன்னாள். மழைக்காலம் தொடங்கினால் அவள் பிறந்த வீட்டுப் பக்கம், பொன்னேரிக்கு அந்தண்டை, தோப்பில் ஒரு குருவி வந்து கத்துமாம். விடியற்காலை ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி. விசில் அடித்ததுபோல் அவ்வளவு பலமாக இருக்குமாம். அதைக் கேட்டுத்தான் அவள் அம்மா விளக்குப் போடுவார்களாம். ஆனால் அதன் மூஞ்சியை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. தரையில் சருகுக்குள் திரிகிற குருவி, கண்ணில் படாது. இந்தக் காட்டிலும் அது கத்துகிறது, போன வாரம் கிளம்பும்போது கேட்டேன் என்றாள்.

அவ்வளவு பலமான விசில் என்றால் எனக்குக் கேட்காமல் போகுமா? எனக்கு அந்தக் குருவிதான் வேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்த புதன் சாயங்காலம், களாச்செடிகளுக்குப் பின்னால் மரம் அடர்ந்த இடத்தில், ஒரு புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்தோம். எனக்குப் பரீட்சை எழுதப் போவதுபோல் உள்ளங்கை வியர்த்தது. பேசக் கூடாது என்று நானே சட்டம் போட்டேன். என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. சருகு அசைந்தது. எனக்குக் கம்பி வெந்த நிறத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பழகிய கண். சருகுக்கு நடுவில் ஒரு நீலம் மின்னியதை முதலில் பார்த்தது நான்தான். மைனாவைவிடச் சின்னது, வால் கட்டை. தத்தித் தத்தி வந்தது. முதுகு பச்சை, தோளில் அந்த நீலம், கண்ணுக்கு மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை, வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் ஒரே குருவியின் மேல் கொட்டியிருந்தார் ஆண்டவர். நான் மனைவியின் தோளைத் தொட்டுக் கையை நீட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து காதால் மட்டும் தெரிந்ததை அன்றுதான் கண்ணால் பார்க்கிறாள். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

குருவி ஒரு தாழ்ந்த கிளையில் ஏறியது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி நிற்கும் தூரம்தான். தலையைப் பின்னால் சாய்த்தது. அலகைத் திறந்தது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குருவி மறுபடியும் தலையைச் சாய்த்து அலகைத் திறந்தது. மறுபடியும். காட்டில் எனக்கு ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. இனிமேல் மாற்றுவதற்கு எந்தப் பார்ட்டும் இல்லை.

"எனுக்குக் கேக்கலடி," என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேனோ தெரியாது, குருவி பறக்கவில்லை.

அவள் நகர்ந்து என் முகத்துக்கு நேராக வந்தாள்.

"தெரியும்யா. பின்ன, எதுக்கு ரொம்ப நாளா உன் எதிர்க்க வந்து நின்னுகினு பேசறேன்?"

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சமையலறையிலிருந்து கூப்பிடாமல் கூடத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போவாள். வண்டியில் போகும்போது பேசமாட்டாள், இறங்கிய பிறகுதான் பேசுவாள். மகள் போனில் சொன்னதை எல்லாம் என்னிடம் திருப்பிச் சொல்வாள். அது அவள் சுபாவம் என்று நினைத்திருந்தேன். சில நாள் எரிந்தும் விழுந்திருக்கிறேன்.

நாளைக்குக் காது டாக்டரிடம் போகலாம், மெஷின் வைத்தால் வைத்துக்கொள்ளலாம், புள்ளை குரல் எங்கேயும் போய்விடாது என்று என் முகத்துக்கு நேராக ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குருவி தலையைச் சாய்த்தபோது அவள் விரல் என் மணிக்கட்டில் அழுந்தியது. சின்னதாக ஒரு அழுத்தம், உடனே நீளமாக, இழுத்து விடுவதுபோல் இன்னொன்று. அலகு மூடியதும் விரலை எடுத்துக்கொண்டாள். அலகு திறந்தது, மறுபடியும் அழுத்தினாள், சின்னது ஒன்று, நீளமாக ஒன்று. விசில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேலெல்லாம் சிலிர்த்தது.

கொஞ்ச நேரத்தில் இருட்டிவிட்டது. கிளையும் தெரியவில்லை, குருவியும் தெரியவில்லை. அவள் விரல் மட்டும் என் மணிக்கட்டில் அழுத்திக்கொண்டே இருந்தது.