தொண்ணூறு கிலோவுக்குப் போட்ட ஸ்பிரிங்

தென்னேரியில் எங்கள் நிலத்தை ஒட்டிய மண் தடத்தில் நான் நாலு சக்கர ரேஸ் பைக் ஓட்டுவேன். அதன் ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோனதால், இன்னும் நல்லதாக வாங்கிப் போட நானும் கணவரும் சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க வெயிட் எவ்ளோ சார்? அதுக்குத் தகுந்த ஸ்பிரிங்தான் போடணும்" என்று கணவரிடம் கேட்டார்.

"தொண்ணூறு" என்று சொல்லிவிட்டுக் கணவர் என்னைப் பார்த்தார். ஓட்டுவது நான்தான் என்று சொல்ல, நாலு பேர் நின்ற கடையில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

மறுவாரமே ஒரு மேட்டில் வண்டி என்னைத் தூக்கி எறிந்தது. தோள் எலும்பு முறிந்தது. "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நானே நம்பி, வண்டியை விற்கச் சொல்லிவிட்டேன்.

வாங்குவதற்காக வந்த ஐயம்பேட்டை மெக்கானிக், என்னை அதில் ஏறி உட்காரச் சொன்னார். ஸ்பிரிங் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

"உங்க வெயிட் என்னாமா?"

"நாப்பத்தெட்டு."

"இது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வெயிட் உள்ள ஆளுக்குப் போட்டதுமா. அமுங்காம உதைச்சிக்கினு இருக்குது. உங்க மேல தப்பில்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உடனே கடைக்குப் போன் செய்தேன். "சார்கிட்ட குடுங்கமா" என்றார் கடைக்காரர்.

"வண்டி என்னுது. உடைஞ்ச எலும்பும் என்னுது. என்கிட்ட பேசுங்க!" என்று கத்தினேன். ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

வண்டியை விற்கவில்லை, ஓட்டுகிறேன். கடைக்காரர் மேல் இன்னும் கோபம்தான். ஆனால், பக்கத்திலேயே நின்றும் வாய் திறக்காமல் இருந்தேனே, அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.