கயிற்றின் மேல் போட்ட பழி

என் ஜீப்பின் முன்னால், கம்பி வடத்தைச் சுற்றிப் பாரம் இழுக்கும் ஒரு விஞ்ச் இருக்கிறது. போர்வெல்லில் கெட்டுப்போன மோட்டாரை வெளியே இழுப்பதும், சரிசெய்ததைத் திரும்ப இறக்குவதும் என் தொழில். விஞ்ச் பேட்டரியில் ஓடுவது. கரண்ட்டைத் தின்னத் தொடங்கினால் அதற்கு அளவே கிடையாது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஜீப்போடு வந்த ஆல்டர்னேட்டர் விளக்கு எரிக்கவும் ஹாரன் அடிக்கவும் போதும், இதற்குத் தீனி போட அதனால் ஆகாது. பாதி வேலையில் பேட்டரி படுத்துவிடும். நான் தோட்டத்துக்காரர் முன்னால் அசடு வழிய நிற்பேன்.

தர்மபுரியில் எனக்குப் பழக்கமான எலக்ட்ரீசியன் பாய் பெரிய ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டிக் கொடுத்தார். அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயர் மட்டும் பழசு. தடித்த ஒயர் சேலத்திலிருந்து மறுநாள்தான் வரும் என்றார்.

“அதுவரைக்கும் விஞ்ச தொடாதீங்க. இந்த ஒயர்ல பேட்டரிக்கு முழுசா சார்ஜ் ஏறாது. கரண்ட் கொறஞ்சா விஞ்சோட சுவிட்ச் ரிலே ஒட்டிக்கும். நீங்க பட்டன உட்டாலும் நிக்காது, இழுத்துக்கினே இருக்கும்.”

“சரி பாய்” என்றேன். யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்ல எனக்கு நன்றாக வரும். கேட்கத்தான் வராது.

கடையை விட்டுக் கிளம்பும்போதே ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். மோட்டார் நின்று நான்கு நாள் ஆகிவிட்டதாம், மல்பெரி வாடுகிறதாம். பட்டுப்புழுக்கள் கடைசித் தோலுரிப்பு முடிந்து இலையை வாரித் தின்னும் நேரம். அவர் தவிப்புக்கு இரங்கித்தான் போனேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமே என்றுதான் போனேன்.

மோட்டாரோடு கோத்திருந்த பைப்புகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்றினேன். இருபதாவது பைப்பிலேயே இழுவை தளர்ந்தது. ஒயரைத் தொட்டால் சுட்டது. இன்னும் கொஞ்சம்தானே என்று அடுத்த பைப்பை ஏற்றி, பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். விஞ்ச் நிற்கவில்லை. பேட்டரி ஒயரைப் பிடுங்க ஓடினேன். அதற்குள் பைப்பின் தலை மேலே இருந்த கப்பியில் முட்டி, கம்பி வடம் அறுந்துவிட்டது. எதற்கும் ஒரு காவலாக மோட்டாரில் கட்டி மேலே முடிந்திருந்த நைலான் கயிறும் அந்த உதறலில் அறுந்தது. பைப், மோட்டார் எல்லாம் குழிக்குள் போய்விட்டன.

அந்தப் பெண் கயிற்றின் முனையை எடுத்துப் பார்த்தார்.

“இத மாத்தச் சொல்லி எங்க வூட்டுக்காரரு சொல்லிக்கினே இருந்தாருங்கண்ணா. நாந்தான் அப்பறம் பாத்துக்கலாம்னு உட்டுட்டேன். என் தப்புதாங்க.”

நான் வாய் திறக்க வேண்டிய இடம் அது. திறந்தேன்.

“ஆமாங்க, வெயில்ல இத்துப்போச்சு.”

புதுக் கயிறாக இருந்தாலும் அறுந்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் கொக்கி போட்டுத் துழாவியும் ஒன்றும் மாட்டவில்லை. போர் வீணானது. அந்தப் பெண் முடிந்த மட்டும் புழுக்களைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் குப்பைக்குழியில் கொட்டினார். அந்த நஷ்டத்தில் அவர் கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். பாய் தடித்த ஒயரைப் போடும்போது, “நடுவுல விஞ்ச ஓட்டலியே?” என்று கேட்டார். இல்லை என்றேன். கருகிய ரிலேயைக் கையில் வைத்துப் பார்த்தவர், புதுசு ஒன்றை எடுத்து மாட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வருஷம் தோட்டத்தின் வேறு மூலையில் போர் போட்டார்கள். மோட்டார் இறக்க அந்தப் பெண் என்னைத்தான் கூப்பிட்டார்.

“அன்னிக்கு எங்களுக்காக எவ்ளோ பாடுபட்டீங்க. வேற ஆளக் கூப்பிட மனசு வரலீங்கண்ணா.”

இந்த முறை விஞ்ச் சொன்ன பேச்சைக் கேட்டது. பைப் பைப்பாக இறங்கிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து கணவர் வீடியோவில் வந்தார். முதலில் கயிற்றைக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் புதுக் கயிற்றில் இன்னும் இறங்காமல் கிடந்த சுருளைக் காட்டிவிட்டு போனை என் பக்கம் திருப்பினார்.

“கயிறு கெட்டியா இருக்குதுங்களா?” என்றார் கணவர். “அவள நம்ப முடியாதுங்க. போன தடவ ஒரு கயித்தப் பாக்கத் தெரியாமத்தான் என்ன இங்க கல்லு தூக்க உட்டுட்டா.”

அந்தப் பெண் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். என் கை ஜீப்பின் புது ஒயர்மேல் இருந்தது. அவ்வளவு வேலைக்கும் அது சூடாகவே இல்லை. சொல்லிவிடு என்றது மனசு.

“நல்ல கயிறுங்க” என்றேன். “தங்கச்சி பாத்துத்தான் வாங்கியிருக்குது.”

போனை வைத்ததும் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த ஒரு வருசத்துல எனக்காகப் பேசுனது நீங்க ஒருத்தர்தாங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ போட வீட்டுக்குள் போனார்.